நம்பர் வந்திருக்கா? - நெல்லைச் சீமையில் ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கதை

இன்றைக்கு யாராவது தன் பெயருக்குப் பின்னால் "பி.ஏ. ஃபெயில்" என்று போட்டுக்கொண்டால் கிண்டல் செய்வார்கள். ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் அப்படிப் போட்டுக்கொண்டவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். வேலைக்கு மனுப் போடும்போது "மெட்ரிகுலேஷன் ஃபெயில்", "எஃப்.ஏ. ஃபெயில்" என்று எழுதுவதில் வெட்கம் எதுவும் கிடையாது. தோற்றதைச் சொல்வதல்ல அதன் நோக்கம். "அந்தப் பரீட்சை எழுதும் அளவுக்கு நான் படித்திருக்கிறேன்" என்பதே அதன் பொருள். பரீட்சை எழுதியவர்களில் தேறியவர்கள் குறைவாகவும் தேறாதவர்கள் அதிகமாகவும் இருந்தால், தேறாததும் ஒரு தகுதியாகி விடும் போலிருக்கிறது!

இந்த வேடிக்கை எப்படி வந்தது என்று புரிய வேண்டுமானால், அந்தக் காலத்துப் பல்கலைக்கழகம் எப்படி இயங்கியது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் ஆரம்பிக்கப்பட்டது. கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களும் அதே வருடம்தான். மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அந்த மாதிரியின் முக்கியமான அம்சம், பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது, பரீட்சை மட்டும் நடத்தும் என்பது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. கேள்வித்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, யார் தேறினார்கள் என்று அறிவிப்பது எல்லாம் சென்னையில் இருப்பவர்களின் வேலை. (அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளும் தமிழர்கள், ஆனால் இந்தக் கரைக்காரர்கள் இல்லை. சி.வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்.)

திருநெல்வேலியில் 1861ல் தொடங்கிய இந்துப் பள்ளி 1878ல் கல்லூரியாக உயர்ந்தது. அதுதான் இன்றைய ம.தி.தா. இந்துக் கல்லூரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரியும் 1878லிருந்து கல்லூரி. பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 1895ல் வந்தது. தூய சவேரியார் கல்லூரி 1923ல். "தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு" என்று பாளையங்கோட்டையைச் சொல்கிறார்களே, அந்தப் பெயருக்குக் காரணம் இந்தக் கல்லூரிகளும் அவற்றைச் சுற்றி முளைத்த பள்ளிகளும்தான். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் பாளையங்கோட்டைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே பாடம் சொல்லும் ஊரிலேயே தேறினாயா இல்லையா என்றும் சொல்லிவிடுவார்கள். இங்கே அதைத் தெரிந்துகொள்ள 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சென்னையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் கல்வி வரலாற்றை எழுதுபவர்கள் கல்லூரி கட்டிய கதையை விரிவாக எழுதுகிறார்கள். இந்தக் காத்திருப்பை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. படித்தவர்கள் எல்லோரும் கடந்து வந்தது அது. ஆனால் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பது மட்டும் நூற்றைம்பது வருடத்தில் நான்கைந்து தடவை மாறிவிட்டது.

முதலில் காத்திருந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. தேறினோமா, இல்லையா?

அந்தக் காலத்தில் பல்கலைக்கழகப் பரீட்சைகள் டிசம்பர் வாக்கில் நடந்தன. அதனால் முடிவுக்குக் காத்திருக்கும் காலம் தை, மாசி. தாமிரபரணி வயல்களில் பிசானம் அறுவடை ஆகும் நேரம். வீட்டில் நெல் வந்து இறங்கும்போது பையனுடைய ரிசல்ட்டும் வந்து இறங்க வேண்டும் என்று அப்பாக்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நெல்லாவது கண்ணுக்கு முன்னால் விளைகிறது. ரிசல்ட் எங்கே விளைகிறது என்றே தெரியாது. தேறியவர்கள் பட்டியலை அரசாங்கத்தின் புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் அச்சிடுவார்கள். "கெஜட்டில் பெயர் வந்துவிட்டது" என்றால் தேறிவிட்டான் என்று அர்த்தம். 1876ல் ரயில் திருநெல்வேலிக்கு வந்த பிறகு பத்திரிகையும் தபாலும் சீக்கிரம் வந்தன. அவசரக்காரர்களுக்குத் தந்தி இருந்தது. சென்னையில் ஒரு சொந்தக்காரர் இருந்தால் நல்லது.

இன்னொரு கொடுமையும் உண்டு. எல்லாப் பாடத்திலும் குறைந்தபட்ச மதிப்பெண் வாங்க வேண்டும். ஒரு பாடத்தில் போனால் மொத்தமும் போச்சு. மறுபடி முழுப் பரீட்சையும் எழுத வேண்டும். இப்போது இருப்பது போல "ஒரு அரியர்தான், அடுத்த செமஸ்டரில் எடுத்துவிடலாம்" என்ற சௌகரியம் கிடையாது.

இதற்குப் பலியானவர்களில் உலகப் புகழ் பெற்றவர் கும்பகோணத்து ராமானுஜன். 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேறி உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. உதவித்தொகை போயிற்று. 1905ல் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906லும் 1907லும் எஃப்.ஏ. பரீட்சை எழுதி இரண்டு தடவையும் தோற்றார். உடற்கூறு, சமஸ்கிருதம், கிரேக்க ரோம வரலாறு எல்லாம் அவரைக் காலை வாரிவிட்டன. கணித உலகம் பிற்பாடு கொண்டாடிய அந்த மனிதர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி வெறும் "எஃப்.ஏ. ஃபெயில்". அவரும் கடைசியில் போய்ச் சேர்ந்தது சென்னைத் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா நாற்காலியில்தான்.

திருநெல்வேலிக்கு வருவோம். இந்துக் கல்லூரிப் பள்ளியில் 1894 முதல் 1897 வரை எட்டயபுரத்துப் பையன் ஒருவன் படித்தான். பெயர் சுப்பிரமணியன். நெல்லையப்பர் கோவிலுக்குப் பக்கத்தில் அவன் படித்த பள்ளி இன்றும் இருக்கிறது. பாரதி படித்த பள்ளி என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் அங்கே அவர் படிப்பு எப்படி முடிந்தது என்று யோசித்துப் பார்த்தால் அவ்வளவு பெருமையாக இல்லை.

1897 ஜனவரி 24 தேதியிட்டு எட்டயபுரம் ஜமீன்தாருக்கு பாரதி எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. பதினான்கு முடிந்து பதினைந்து நடக்கும் வயது. படிப்பைத் தொடர உதவி செய்ய வேண்டும் என்று கேட்கும் கடிதம், அதுவும் கவிதையில்! இன்றைக்குக் கிடைக்கும் அவருடைய ஆரம்பகால எழுத்துகளில் அது ஒன்று. யோசித்துப் பார்த்தால் அது ஒரு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம். தமிழின் மகாகவி எழுதிய முதல் பாட்டுகளில் ஒன்று படிப்புச் செலவுக்கு வழி கேட்கும் மனு என்பதை பாரதி விழாக்களில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. சொன்னால் மாணவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அதே வருடம் ஜூனில் கல்யாணம், கடையத்துச் செல்லம்மாவோடு. தந்தை சின்னசாமி ஐயர் பருத்தி ஆலைத் தொழிலில் பணத்தைப் போட்டு நொடித்துப் போனார். 1898ல் இறந்தும் போனார். நெல்லைப் படிப்பு அத்தோடு நின்றது. பாரதி காசியில் இருந்த அத்தை குப்பம்மாள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து அலகாபாத் பல்கலைக்கழகத்தின் பிரவேசப் பரீட்சை எழுதி முதல் வகுப்பில் தேறினார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்காகத் தயாரான பையன் தேறியது கங்கைக் கரையில். பிற்காலத்தில் தன் சுயசரிதைப் பாட்டில் நெல்லை ஆங்கிலப் படிப்பை அவர் வறுத்தெடுக்கிறார். அப்பாவுக்குச் செலவு, தனக்குக் கேடு என்று ஒரு வரவு செலவுக் கணக்கே போட்டு, லாபம் என்ற பக்கத்தைக் காலியாக விட்டுவிடுகிறார். 1904ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார். அந்த வேலைக்கு அவரைக் கொண்டுபோனது அவருடைய தமிழ்தான், நெல்லையில் படித்த ஆங்கிலம் இல்லை.

பாரதிக்கு நேர் எதிர் ஒருவரும் இந்தச் சீமையில் உண்டு. ஸ்ரீவைகுண்டம் பக்கம் பெருங்குளத்தில் 1872ல் பிறந்த அ. மாதவையா. பரீட்சைகளை வரிசையாக ஜெயித்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து 1892ல் பி.ஏ., பிறகு உப்பு இலாகாப் பரீட்சை, அரசாங்க உத்தியோகம். அந்த முறை யாருக்காக ஏற்பட்டதோ அவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவர்தான் 'பத்மாவதி சரித்திரம்' எழுதி, படிப்பு, உத்தியோகம், கல்யாணம் என்று ஓடும் நெல்லைப் பிராமண வீடுகளை உள்ளே இருந்தே விமர்சித்தார். அவர் இறந்த விதம் இந்தக் கட்டுரைக்கு மிகவும் சம்பந்தப்பட்டது. 1925 அக்டோபர் 22ஆம் தேதி சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்தவர் அங்கேயே சாய்ந்து உயிர் விட்டார். நெல்லைப் பிள்ளைகள் எல்லோரும் எந்தக் கட்டடத்திலிருந்து முடிவு வரும் என்று காத்திருந்தார்களோ, அந்தப் பல்கலைக்கழகத்தின் சபையிலேயே ஒரு நெல்லைக்காரர் பரீட்சைத் திட்டத்தைப் பற்றி வாதாடிக்கொண்டே இறந்திருக்கிறார்.

புதுமைப்பித்தனைச் சொல்லாமல் விட முடியாது. தாசில்தாராக இருந்த அப்பா ஓய்வு பெற்று 1918ல் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு வந்தார். மகன் விருத்தாசலம் இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தது 1931ல். பிறந்த வருடம் 1906. அதாவது பட்டம் வாங்கும்போது வயது 25! இன்றைக்கு 25 வயதில் எம்.பி.ஏ. முடித்து வேலையிலும் சேர்ந்திருப்பார்கள். தாசில்தார் வீட்டில் அந்த வருடங்கள் எப்படிப் போயிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. அந்த வருடங்களில் அவர் துப்பறியும் நாவல்களாகப் படித்துத் தள்ளினார் என்று சொல்வார்கள். சிறுகதைக்கு லாபம்.

இதுவரை சொன்ன நெல்லைக்காரர்களைப் பாருங்கள். எல்லோரும் ஆண்கள், எல்லோரும் உயர்ந்த சாதி என்று சொல்லப்பட்ட குடும்பங்கள். தற்செயல் இல்லை. காத்திருக்கவே ஒரு வசதி வேண்டும். மகன் ஒரு வருடம் சும்மா இருந்தால் சோறு போடக்கூடிய வீடு வேண்டும். மிஷனரிகளின் பள்ளிகள் வந்த பிறகுதான் பனையேறிகள் வீட்டிலிருந்தும் விவசாயக் கூலிகள் வீட்டிலிருந்தும் பரீட்சை எழுதப் பிள்ளைகள் வந்தார்கள். சாயர்புரத்தில் ஜி.யு. போப், இடையன்குடியில் கால்டுவெல் என்று தேரிக்காடு வரை பள்ளிக்கூடங்கள் முளைத்தன. சாராள் தக்கர் வந்த பிறகு பெண்களும் காத்திருந்தார்கள். அவர்களுக்கு ரிசல்ட் ஒரு பாதிக் கவலைதான். தேறினால் மேலே படிக்க வீட்டில் விடுவார்களா என்பது இன்னொரு பாதி. இந்த இரண்டாவது பாதிக்கு கெஜட் எதுவும் கிடையாது.

1911 வாக்கில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. மெட்ரிகுலேஷனுக்குப் பதிலாக எஸ்.எஸ்.எல்.சி. பள்ளி இறுதிச் சான்றிதழ் ஒரு புத்தகமாகவே கையில் கிடைக்கும். அதில் மதிப்பெண்களை எழுதித் தருவார்கள். பள்ளியை முடித்தவர்கள் எல்லோரும் கல்லூரிக்குப் போய்விட முடியாது. கல்லூரிப் படிப்புக்கு "எலிஜிபிள்" என்று தனியாக அறிவிக்கப்பட வேண்டும். பழைய ஆட்கள் "அவன் எஸ்.எஸ்.எல்.சி. எலிஜிபிள்" என்று ஒரு அழுத்தத்தோடு சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. அதுவரை தேறினால் கதவு திறக்கும். இனிமேல் முடிவு என்பது ஒன்று, அனுமதி என்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. அந்த இடைவெளி பிறகு பெரிதாகிக்கொண்டேதான் போயிற்று.

சுதந்திரத்துக்குப் பிறகு, குறிப்பாக காமராஜர் காலத்தில் பள்ளிகள் பெருகிய பிறகு, எழுதுகிறவர்கள் எண்ணிக்கையும் பெருகியது. பரீட்சை மார்ச், ஏப்ரலுக்கு வந்தது. முடிவு மே கடைசி அல்லது ஜூன். இப்போது பிசானம் இல்லை, கார் பருவம். ஜூன் 1ஆம் தேதி கார் சாகுபடிக்காகப் பாபநாசம் அணையைத் திறப்பது இந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். கால்வாயில் தண்ணீர் வருமா என்று அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். பேப்பரில் நம்பர் வருமா என்று பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

பேப்பர் என்றதும் ஞாபகம் வருகிறது. திருநெல்வேலி ஒரு பத்திரிகை ஊர். 'தினமலர்' 1957ல் திருவனந்தபுரத்திலிருந்து இங்கே இடம் பெயர்ந்தது. 'மாலை முரசு' 1959ல் இங்கேதான் பிறந்தது. ரிசல்ட் நாளில் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் பதிவு எண்களை அச்சிட்டன. பெயர் கிடையாது, மார்க் கிடையாது, நம்பர் மட்டும். பொடி எழுத்தில் எறும்பு வரிசை மாதிரி எண்கள். நம்பர் இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் இல்லை. "நம்பர் வந்திருக்கா?" என்பதுதான் அந்தக் காலத்துக் கேள்வி. சத்தமாகப் படித்துச் சொல்ல ஒருவர், சுற்றிப் பத்துப் பேர். ஃபெயில் ஆனவனுக்கு யாரும் "நீ ஃபெயில்" என்று சொல்ல மாட்டார்கள். அவன் நம்பருக்கு முந்தின நம்பரும் பிந்தின நம்பரும் இருக்கும், நடுவில் அவன் மட்டும் இருக்க மாட்டான்.

அச்சுப் பிழையாக இருக்கும் என்று சாயங்காலம் வரை நம்பிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியர் அறையில் கேட்டால் தெரிந்துவிடும்.

நடுவில் இருக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தொழிலே உருவானது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய கையோடு லோயர் டைப்பிங்குக்குச் சேர்த்துவிடுவார்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று எந்த ஊருக்குப் போனாலும் மாடியில் இருந்து தடதடவென்று சத்தம் வரும். ரிசல்ட் மோசமாக வந்தாலும் டைப்பிங் சோறு போடும் என்பது கணக்கு. மோசமான கணக்கு இல்லை. ரிசல்ட் வந்ததும் அடுத்த வரிசை வேலைவாய்ப்பு அலுவலகத்தில். அங்கே பதிவு செய்துவிட்டு இன்னொரு காத்திருப்பு. அது சிலருக்கு இருபது வருடம் நீடித்தது.

1966ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. நெல்லைக் கல்லூரிகள் சென்னையை விட்டு மதுரையோடு சேர்ந்தன. 600 கிலோமீட்டர் 150 கிலோமீட்டரானது. 1990 செப்டம்பரில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபோது முடிவு அறிவிக்கும் இடம் அபிஷேகப்பட்டிக்கே வந்துவிட்டது. 'மனோன்மணீயம்' எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை 1870களின் கடைசியில் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் ஆசிரியராகவும் தலைவராகவும் இருந்தவர். அவரிடம் படித்த பிள்ளைகள் ரிசல்ட்டுக்குச் சென்னையைப் பார்த்தார்கள். அவர் பெயரில் உள்ள பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள் பக்கத்து ஊரைப் பார்த்தால் போதும். தூய சவேரியார் கல்லூரி 1987லேயே தன்னாட்சி பெற்றுத் தானே பரீட்சை நடத்தவும் ஆரம்பித்துவிட்டது. கலை, அறிவியல், வணிகவியல் படிப்பவர்களைப் பொறுத்தவரை தூரத்துப் பயம் இத்தோடு முடிந்தது என்று சொல்லலாம்.

ஆனால் டாக்டராகவும் இன்ஜினியராகவும் ஆசைப்பட்டவர்களுக்குப் பயம் வேறு வடிவம் எடுத்தது. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

1951ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், அதனால் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பின்னால் நடந்த இரண்டு வழக்குகள் அவ்வளவு தெரியாதவை. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965ல் தொடங்கியது. அந்தச் சமயத்தில் சென்னை மாநிலத்தில் எம்.பி.பி.எஸ். இடங்களை மக்கள்தொகைக்கு ஏற்ப மாவட்டவாரியாகப் பங்கிட்டார்கள். நெல்லை மாவட்டத்துப் பிள்ளை நெல்லை மாவட்டத்துப் பிள்ளைகளோடு போட்டி போட்டால் போதும். 1968ல் பி. ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. ஒரு மாவட்டத்தில் நல்ல மார்க் வாங்கியவன் வெளியே நிற்க, இன்னொரு மாவட்டத்தில் குறைந்த மார்க் வாங்கியவன் உள்ளே போவது சமத்துவம் ஆகாது என்பது காரணம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சென்னைப் பள்ளியும் சேரன்மகாதேவிப் பள்ளியும் ஒன்றா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் விடை இல்லை. அந்தக் கேள்வி இன்றும் தீரவில்லை.

அடுத்து மாவட்டத்துக்குப் பதில் கல்லூரிவாரியாக "யூனிட்" பிரித்தார்கள். நகரத்துக் கல்லூரிகள் ஒரு யூனிட், வெளியூர்க் கல்லூரி ஒவ்வொன்றும் ஒரு யூனிட். 1970ல் பெரியகருப்பன் வழக்கில் அதுவும் அடிபட்டது. அந்த வழக்கில் வெளியே வந்த இன்னொரு விஷயம் இன்டர்வியூ. மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத் தேர்வுக்கு! பி.யு.சி.யில் வாங்கிய மார்க்கை விட, சில நிமிட உரையாடலில் தேர்வுக் குழு போடும் மார்க் தலையெழுத்தை மாற்றிவிடும். பத்திரிகையில் நம்பர் வந்த பிறகும் நிம்மதியாகத் தூங்க முடியாத முதல் தலைமுறை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

1978ல் பி.யு.சி. போய் மேல்நிலை வகுப்புகள் வந்தன. 1984ல் எம்.ஜி.ஆர். அரசு தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்ததும் அதே சமயம்தான். இதிலிருந்து பிறந்ததுதான் "கட்-ஆஃப்". பொறியியலுக்குக் கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50, நுழைவுத் தேர்வில் 100, ஆக 300. ஃபெயில் ஆவோமோ என்ற பயம் முற்றிலும் போய்விட்டது. 1,200க்கு 1,100 வாங்கியவனும் அழுதான், ஏனென்றால் அவனுக்கு மேலே எத்தனை பேர் என்று தெரியாது. பழைய காலத்தில் தன் விடைத்தாளைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும். இப்போது முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் விடைத்தாளைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். வணிகவியல் மொழியில் சொன்னால், சரக்கின் தரத்தை வைத்து விலை வந்த காலம் போய், சந்தையில் எவ்வளவு சரக்கு வருகிறது என்பதை வைத்து விலை வரும் காலம்.

ரேங்க் பட்டியல் வந்த பிறகு கவுன்சலிங். நெல்லை எக்ஸ்பிரஸில் அப்பாவும் பிள்ளையும் சான்றிதழ்ப் பையோடு ஏறி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் போய் உட்கார வேண்டும். திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடும். முன்னால் போனவர் ஒரு இடத்தை எடுத்ததும் எண் ஒன்று குறையும். அதைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது கெஜட்டுக்குக் காத்திருப்பதை விடக் கொடுமை. கெஜட் வரும்வரை அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாது. இங்கே கண் முன்னால் தெரியும்! 2018லிருந்து இது ஆன்லைன் ஆகிவிட்டது. ஆனால் ஒரு வினோதம் இன்றும் தொடர்கிறது. இரண்டு பேருக்கு எல்லா மார்க்கும் ஒன்றாக இருந்து பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால், யார் முந்தி என்று தீர்மானிக்க கம்ப்யூட்டர் ஒரு சமவாய்ப்பு எண் போடுகிறது. பன்னிரண்டு வருடப் படிப்புக்குப் பிறகு கடைசியில் குலுக்கல்.

சரி, விதிமுறையாவது நிலையாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 2005ல் மாணவர்கள் நுழைவுத் தேர்வை எழுதி முடித்த பிறகு, ஜூன் மாதம், நுழைவுத் தேர்வே ரத்து என்று அரசு ஆணை போட்டது. அதே மாதம் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2006 தொடக்கத்தில் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். பிப்ரவரியில் அதுவும் நீதிமன்றத்தில் விழுந்தது. ஆட்சி மாறி, 2006 டிசம்பரில் புதிய சட்டம், 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல், ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் சரி என்றது. 2007ல் ப்ளஸ் டூ எழுதியவர்கள் தப்பித்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு பாதகம் என்ற வாதத்தை ஆனந்தகிருஷ்ணன் குழு ஏற்றுக்கொண்டதுதான் அந்தச் சட்டத்துக்கு அடிப்படை. அதை எதிர்த்தவர்களும் உண்டு. எதிர்ப்போ ஆதரவோ, 2005ல் எழுதி முடித்த பரீட்சை ஜூனில் செல்லுமா என்று தெரியாமல் நின்ற பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் பதில் சொல்லவில்லை.

பத்து வருடம் கழித்து அதே நாடகம் பெரிய மேடையில் நடந்தது. 2016ல் உச்ச நீதிமன்றம் நீட் தேர்வை உயிர்ப்பித்தது. மே மாதம் ஓர் அவசரச் சட்டம் மாநில இடங்களுக்கு அந்த ஒரு வருடம் மட்டும் விலக்கு தந்தது. 2017 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் விலக்கு கேட்டு மசோதா நிறைவேற்றியது. மே 7ல் நீட், மே 12ல் ப்ளஸ் டூ முடிவு. ஜூனில், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு 85 சதவீதம் இடம் என்று அரசாணை. ஜூலை 14ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு மறுபடி ஓராண்டு விலக்கு வரும் என்ற பேச்சு. ஆகஸ்ட் 22ல்தான் நீட் அடிப்படையிலேயே சேர்க்கை என்று உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. மே 12லிருந்து ஆகஸ்ட் 22 வரை நூறு நாளுக்கு மேல். 1,176 மதிப்பெண் வாங்கிய அரியலூர் மாவட்டத்து அனிதா உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தவர். செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை விட்டார். அவர் ப்ளஸ் டூவில் தோற்கவில்லை. எந்த மார்க் கணக்கில் வரும் என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்க அத்தனை மாதம் எடுத்துக்கொண்டார்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 அக்டோபர் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. அதுவும் ஆளுநர் கையெழுத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்த பிறகுதான்.

2021ல் பரீட்சையே நடக்கவில்லை. கொரோனா காரணமாக ப்ளஸ் டூ தேர்வு ரத்து என்று ஜூன் 5ஆம் தேதி அறிவித்தார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, செய்முறை மற்றும் அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று சேர்த்து ஜூலை 19ஆம் தேதி முடிவு சொன்னார்கள். 2019ல் பதினைந்து வயதில் "பத்தாவதுதானே" என்று எழுதிய பரீட்சை இரண்டு வருடம் கழித்து வந்து பி.காம். சேர்க்கையைத் தீர்மானிக்கும் என்று யார்தான் நினைத்திருப்பார்கள்? பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் பி.காம். இடத்துக்கு எப்போதுமே நெரிசல் என்பதால் அந்த வருடம் பழைய பத்தாம் வகுப்பு மார்க் சீட்டைத் தேடி எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்த வீடுகள் நிறைய.

2022ல் பரீட்சை திரும்பி வந்தது. ஆனால் நீட் முடிவு செப்டம்பர் 7ஆம் தேதிதான் வந்தது. மருத்துவ இடம் கிடைத்தவர்கள் பொறியியல் இடத்தை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், இடம் வீணாகும் என்று பொறியியல் கவுன்சலிங்கையும் அதுவரை தள்ளிவைத்தார்கள். டாக்டர் படிப்புக்கு விண்ணப்பிக்கவே செய்யாத பிள்ளைகளும் டெல்லி முடிவுக்குக் காத்திருந்தார்கள். கவுன்சலிங் தொடங்கியது செப்டம்பர் 10ஆம் தேதி. தாமிரபரணிப் பக்கம் கார் நெல் அறுவடைக்கு வரும் மாதம் அது.